ஜெர்மனிக்குச் சட்டி போகட்டும், கிரில் இங்கேயே இருக்கட்டும்

கேள்வி: அண்ணே, நாங்கள் தேவகோட்டை. வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை, முன்னாலேயே போய்விட்டார். நானும் இரண்டு பிள்ளைகளும் தை கழிந்து போகிறோம். அங்கே பார்த்திருக்கும் வீட்டில் கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்புதான். சீரில் வந்த இரும்புக் குழிப்பணியாரச் சட்டி அதில் உட்காராது, கத்தரிக்காய் சுடவும் முடியாது. மூன்றாம் மாடி, பால்கனி உண்டு. இங்கே இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய சின்ன கேஸ் கிரில் இருக்கிறது. மேசை மேல் வைப்பது, இரண்டு பர்னர், மூடி போட்டது, ஒன்பது கிலோ. வீட்டு சிலிண்டரில் மாட்டித்தான் சுடுவோம். அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா? கூடவே 5 கிலோ சிலிண்டரும் போகுமா? அந்த ஊர் சிலிண்டரில் மாட்ட ஆன்லைனில் அடாப்டர் கிடைக்கிறதாம், அது போதுமா? நன்றாகக் கழுவி மசாலாப் பெட்டிக்குள் வைத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார் அயித்தை.
வாசகி, தேவகோட்டை

பதில்: காரைக்குடியில் கேஸ் அடுப்பு சர்வீஸ் செய்பவர்

ஆச்சி, ஏர்போர்ட் ஸ்கேனரில் மசாலாப் பொட்டலம் வேறு, இரும்புப் பெட்டி வேறு என்று நன்றாகவே தெரியும். அயித்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் சிலிண்டர். 5 கிலோவும் போகாது, கையடக்கமான கேஸ் கேனும் போகாது. கைப்பையிலும் கூடாது, கீழே போடும் பெட்டியிலும் கூடாது. காலி சிலிண்டர்தானே என்பீர்கள். காலி என்று நாம் சொல்கிற சிலிண்டருக்குள் ஆவி இருந்துகொண்டே இருக்கும். விமானக்காரர்கள் அதையும் எரியும் வாயு என்றே எடுத்துக்கொள்வார்கள். சாமான்களைக் கப்பலில் அனுப்பினாலும் பேக்கிங் செய்ய வருகிறவர்கள் சிலிண்டரைத் தொட மாட்டார்கள். போதாததற்கு, இணைப்போடு வந்த சிலிண்டர் கம்பெனியின் சொத்து. நாம் கட்டியது டெபாசிட் மட்டும்தான்.

கிரில் கதை வேறு. பிரிக்காத புது கிரில் வெறும் இரும்புச் சாமான். உங்களுடையது இரண்டு வருஷம் எரிந்தது. பர்னர் குழாயிலும் நாபுக்குப் பின்னால் இருக்கும் வால்விலும் கேஸ் வாடை தங்கியிருக்கும், அடித்தட்டில் கொழுப்பு காய்ந்து ஒட்டியிருக்கும். கவுண்டரில் இருப்பவர் முகர்ந்து பார்த்து வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்புறம் அந்த ஒன்பது கிலோவை யார் கையில் கொடுத்து அனுப்புவீர்கள்? கப்பலில் போனால் தடையில்லை. வேறு நாட்டில் குறைந்தது 12 மாதம் குடியிருந்தவர்கள், ஆறு மாதமாவது தாங்கள் வைத்திருந்த வீட்டுச் சாமானை ஐரோப்பிய நாடுகளுக்குக் குடிபெயரும்போது தீர்வையில்லாமல் கொண்டுபோகலாம். உங்கள் கிரில் அந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் என் தொழில். நீங்கள் கேட்ட அடாப்டர் விஷயமும் அங்கேதான் வருகிறது.

நம் வீட்டு சிலிண்டருக்குள் கேஸ் பெரிய அழுத்தத்தில் இருக்கிறது. மேலே மாட்டும் ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாருக்குக் குறைத்து டியூப்பில் விடுகிறது. 30 மில்லிபார் என்றால் ஓர் அடி உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம், அவ்வளவுதான். உங்கள் கிரிலின் ஜெட்டில், அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சின்ன முனையில், இருக்கும் ஊசித் துளை அந்த அழுத்தத்துக்கென்று போட்டது. ஜெர்மனியில் வீட்டு வாசலிலும் பால்கனியிலும் வைக்கும் கிரில்லுக்குக் கடையில் கொடுக்கும் ரெகுலேட்டர் 50 மில்லிபார். அழுத்தம் 30-லிருந்து 50 ஆனால் அதே துளை வழியே ஏறக்குறைய 29 சதவீதம் கூடுதலாகக் கேஸ் பாயும். இது வர்க்கமூலக் கணக்கு. அந்த ஊர் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரோப்பேன். நம்முடையது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேனில் சூடு கொஞ்சம் குறைவு. அதைக் கழித்தாலும் தீ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

ஐந்தில் ஒரு பங்குதானே, கறி சீக்கிரம் வேகும் என்று நினைக்கலாம். அப்படி ஆகாது. தீ பர்னரை விட்டு மேலே தாவி உஸ்ஸென்று இரையும். இல்லாவிட்டால் காற்று பற்றாமல் நுனி மஞ்சளாகி, சட்டியின் அடியில் கரி பிடிக்கும். நாப் சுடும், வால்வுக்குள் இருக்கும் கிரீஸ் உருகும். அரைகுறையாக எரிகிற கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அடாப்டர் இதில் எதையும் சரி செய்யாது. அது மரையைப் பொருத்தும், அழுத்தத்தைத் தொடாது. அடாப்டர் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதையே திருப்பிப் போட்ட கதை ஒன்று என் கைக்கே வந்தது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆசையாக ஒரு கிரில் கொண்டுவந்திருந்தார்கள். நம் ரெகுலேட்டரில் மாட்டினால் தீ கார்த்திகை அகல் மாதிரி முனகியது. 50-க்குப் போட்ட துளையில் 30 போனால் அப்படித்தான் இருக்கும். யாரோ ஒரு மெக்கானிக் ஜெட்டில் ஊசியை விட்டுக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார். துளை கோணிக்கொண்டது. ஒரு பர்னர் நெருப்பைப் பக்கவாட்டில் துப்பி நாபை உருக்கிய பிறகுதான் எனக்கு ஆள் அனுப்பினார்கள். ஜெட்டை மாற்றுவது வேறு, குடைவது வேறு, ஆச்சி. ஊசி அடைப்பெடுக்கக்கூட வேண்டாம் என்று என் கடைப் பையன்களிடம் தினமும் கத்துகிறேன்.

உங்கள் கிரிலை அங்கே எரிக்கவே முடியாதா என்று கேட்டால், முடியும் என்பதே நேர்மையான பதில். ஜெர்மனியில் கேரவன் வண்டிகளுக்கு 30 மில்லிபார் ரெகுலேட்டர் விற்கிறார்கள். அதை வாங்கி, டியூப்பையும் புதிதாக மாற்றினால் உங்கள் ஜெட்டோடு நீலத் தீ வரும், கொஞ்சம் மெதுவாக. ஆனால் நம் கிரிலில் டியூப்பை வெறுமனே சொருகிக் கிளிப் போடுகிறோம். அந்த ஊர் டியூப்புக்கு இரண்டு முனையிலும் மரை உண்டு. அதற்குத் தகுந்த இணைப்பை நம் கிரிலில் யாராவது பற்றவைத்துத் தர வேண்டும். அங்கே கையில் லைசென்ஸ் இருக்கும் ஆள் இதைச் செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார். லைசென்ஸ் இல்லாத ஆள் செய்தால் நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு தடங்கல் தகடு. ஐரோப்பாவில் விற்கும் கேஸ் அடுப்பு எதுவானாலும் 2018 ஏப்ரலிலிருந்து ஒரே சட்டத்தின் கீழ் வருகிறது. ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை, அதன் பக்கத்தில் சோதித்த நிறுவனத்தின் நாலு இலக்க எண், எந்த நாட்டுக்கு என்ற எழுத்து, எத்தனை மில்லிபார் என்பதெல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும். உங்கள் கிரிலில் இருப்பது இந்தியத் தகடு. நாளைக்குப் பால்கனியில் ஏதாவது தீப்பிடித்து, வீட்டின் சொந்தக்காரரோ இன்சூரன்ஸோ விசாரித்தால் முதலில் கேட்பது இந்தத் தகட்டைத்தான். நாலாயிரமோ ஐயாயிரமோ கொடுத்து வாங்கிய கிரிலுக்காக அந்தத் தலைவலி எதற்கு?

ஆகவே என் யோசனை: கிரில் தேவகோட்டையிலேயே இருக்கட்டும். குழிப்பணியாரச் சட்டி கட்டாயம் போகட்டும். எங்கள் அப்பத்தாவின் அண்ணன் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனபோது பித்தளைத் தூக்கும் பணியாரச் சட்டியும் கப்பலேறின என்று கேட்டிருக்கிறேன். அடுப்பை அவர் போன இடத்தில்தான் மூட்டினார். சட்டியை இங்கேயே தேய்த்து எண்ணெய் பூசி, பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் இறக்கும்போது விழுகிற அடியில் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். பெட்டி கட்டுகிறபோது இதையும் கவனியுங்கள்: உப்புக்கண்டத்தையும் நெய்யையும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவர ஐரோப்பாவில் அனுமதி கிடையாது. கவுனி அரிசி, மிளகாய்த்தூள், கல்பாசிக்கு அந்தத் தடை இல்லை.

அங்கே போய் கிரில் வாங்கும்போது தனிக் கடை தேட வேண்டாம். பாவ்மார்க்ட் என்று சொல்லும் ஹார்டுவேர் கடைகளிலேயே மேசை கிரில் இருக்கும். தகட்டில் டி, இ என்ற இரண்டு எழுத்தும் 50 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ரெகுலேட்டரும் டியூப்பும் அதே பெட்டிக்குள் வந்தால் நல்லது. சிலிண்டரும் அதே கடையில்தான். நம் ஊர் மாதிரி புத்தகம் காட்டிப் பதிவு செய்து காத்திருக்க வேண்டியதில்லை. காலியைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துவரலாம். சாம்பல் நிற சிலிண்டர் விலைக்கு வாங்கியது, சிவப்பு நிறம் டெபாசிட் கட்டியது. 5 கிலோவும் 11 கிலோவும் உண்டு. மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டும், பால்கனிக்கும் அதுதான் அளவு. 5 கிலோவே எடுங்கள்.

மாட்டும்போது ஒரு குழப்பம் வரும். நமக்கு ரெகுலேட்டர் என்றால் அழுத்தி டக்கென்று உட்கார வைப்பது. அங்கே மரை, அதுவும் இடது மரை. கடிகாரம் சுற்றுகிற பக்கத்துக்கு எதிராகத் திருப்பினால் இறுகும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி, இறுகவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரையைத் தேய்த்துவிட்டால் கேஸ் கசியும். கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். மாட்டியதும் சோப்புத் தண்ணீரைத் தடவி முட்டை விடுகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் போகிற மாதம் குளிர். இது நம் ஊரில் யாரும் யோசிக்காத சங்கதி. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். அதன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. புரோப்பேனுக்கு மைனஸ் 42. காரைக்குடி வெயிலில் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது. அங்கே மாசி மாதத்தில் பால்கனியில் பியூட்டேன் கேன் போடும் சூட்கேஸ் அடுப்பை வைத்தால் கேன் குலுங்கும், தீ வராது. விலை மலிவு என்று அந்த அடுப்பை நிறைய பேர் வாங்குகிறார்கள். ஆனியில் எரிந்தது தையில் எரியவில்லை என்று கேட்கிறார்கள். கிரிலோடு மாட்டும் சாம்பல் சிலிண்டரில் புரோப்பேன் இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ரொம்ப நேரம் எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் வேர்க்கும், பனிகூடப் படரும். கேஸ் ஆவியாக வெப்பத்தை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். அதற்காக வெந்நீர் ஊற்றவோ பக்கத்தில் ஹீட்டர் வைக்கவோ வேண்டாம்.

குளிர் தாங்காமல் கிரிலை வீட்டுக்குள் கொண்டுவருவது மட்டும் கூடவே கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. நம் வளவு வீடுகளில் நடுவில் வானம் தெரியும், புகை போக வழி இருக்கும். அந்த ஊர் ஜன்னல்கள் ரப்பர் வைத்து இறுக அடைப்பவை. கார்பன் மோனாக்சைடு வெளியேற வழியில்லை. படுக்கையறையில் கட்டாயமாகப் பொருத்தியிருக்கும் புகை அலாரம் அதைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தனி அலாரம் உண்டு.

சிலிண்டரைக் குளிர்காலத்தில் வைக்க இடம் தேடும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே கொடுத்திருக்கும் நிலவறை ஞாபகத்துக்கு வரும். அங்கே வைக்கவே கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையில் படிந்து பள்ளத்தைத் தேடிப் போகும், நிலவறையிலிருந்து தானாக வெளியேறாது. பால்கனியிலேயே நிற்கட்டும், வால்வை மூடி, தலைக்கு மூடி போட்டு.

பால்கனியில் எரிக்கலாமா என்பதை என்னைவிட உங்கள் வாடகை ஒப்பந்தம் நன்றாகச் சொல்லும். கிரில் கூடாது என்று எழுதியிருந்தால் கேஸும் கூடாது, கரியும் கூடாது. ஒன்றும் எழுதவில்லை என்றால் எரிக்கலாம், ஆனால் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகக்கூடாது. மாதத்துக்கு எத்தனை தடவை சுடலாம் என்பதில்கூட அந்த ஊர் நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று வேறாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. உங்கள் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்தை இப்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேஸ் கூடாது, கரண்ட் கிரில் பரவாயில்லை என்று இருந்தால் பணியாரத்துக்கு, வீட்டுக்குள் இருக்கும் கண்ணாடி அடுப்பில் உட்காரும்படி, அடிப்பாகம் தட்டையான இண்டக்‌ஷன் பணியாரச் சட்டி ஒன்றை இங்கேயே காரைக்குடியில் வாங்கிக்கொண்டு போங்கள். வார நாளில் எப்படியும் அதுதான் கைகொடுக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் பால்கனியில் நின்று யார் பணியாரம் ஊற்றுவது?

கேஸ் கிரில் சரி என்றானால் சட்டியை வைக்கும் முறை: கம்பித் தட்டின் மேல் ஒரு பர்னருக்கு நேரே சட்டி, மறு பக்கம் காலி. கம்பித் தட்டு முழுவதையும் தோசைக்கல்லாலோ பெரிய சட்டியாலோ மூடினால் சூடு மேலே போக வழியில்லாமல் நாப் பக்கமும் டியூப் பக்கமும் திரும்பும். பாதிக்கு மேல் மூடாதீர்கள். சட்டி காய இங்கேவிட அதிக நேரம் பிடிக்கும், பால்கனிக் காற்று சூட்டைத் தின்னும். சட்டி காய்ந்ததும் தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டு மாவை ஊற்றி, சட்டிக்கு மட்டும் ஒரு மூடி போடுங்கள். கிரில் மூடி திறந்தே இருக்கட்டும். பணியாரத்துக்கு ஊற்றுகிற எண்ணெய் கீழே சொட்டாமல் பாருங்கள். கத்தரிக்காயைச் சட்டி இல்லாமல் நேராகக் கம்பியில் சுடுங்கள். கோசமல்லிக்கு வேகவைத்துத்தான் பழக்கம் என்றாலும் ஒரு தடவை சுட்ட காயில் செய்து பாருங்கள். என் வீட்டில் அதற்குப் பிறகு வேகவைத்ததை யாரும் தொடுவதில்லை.

கறி சுடும்போது அடித்தட்டைக் கவனிக்க வேண்டும். நம் மசாலாவில் எண்ணெய் அதிகம், சொட்டிச் சொட்டித் தட்டில் நிற்கும். மூன்றாம் தடவை சுடும்போது அது பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள், கிரில் மூடியைச் சாத்துங்கள். தட்டை ஒவ்வொரு தடவையும் ஆறிய பின் வழித்துவிட்டால் இந்த வேலையே வராது. மிளகாய் வறுப்பதை மட்டும் பால்கனியில் வேண்டாம், ஆச்சி. புகையைப் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த நெடிக்குக் கதவைத் தட்டுவார்.

சொந்தபந்தம் வேறு நாட்டில் இருந்து கேட்டால் சொல்ல: இங்கிலாந்தில் பியூட்டேனுக்கு 28, புரோப்பேனுக்கு 37 மில்லிபார், இரண்டிலும் சூடு ஒன்றாக வரும்படி வைத்த கணக்கு. அமெரிக்காவில் ஏறக்குறைய 27. அந்த நாடுகளிலும் ரெகுலேட்டரும் இணைப்பும் வேறுதான். ஆஸ்திரேலியாவுக்குப் பழைய கிரிலைக் கொண்டுபோகிறவர்கள் கொழுப்பும் சாம்பலும் மண்ணும் ஒட்டியிருக்காமல் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக, நீங்கள் விட்டுப்போகும் வீடு. அயித்தை அங்கேயே இருப்பார் என்றால் இணைப்பை அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். வீட்டைப் பூட்டுவதாக இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கி டெபாசிட்டை எடுத்துவிடுங்கள். நம் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தூரில் ஒரு வீட்டை ஒரு கல்யாணத்துக்காகத் திறந்தபோது அடுப்பைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போனால் ரெகுலேட்டர் மாட்டியபடியே சிலிண்டர், எலி கடித்துப் பாதி தொங்கும் டியூப். நல்லவேளை, வால்வை யாரோ மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஆரஞ்சு நிற டியூப்புக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். உங்கள் கிரிலின் டியூப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அடித்தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெட்டுக்குள் பூச்சி கூடு கட்டாமல் துணியில் கட்டி பரணில் போடுங்கள். விடுமுறைக்கு வரும்போது புது டியூப் மாட்டினால் எரியும்.

அங்கே கடையில் கிரில் பார்த்துவிட்டால் பணம் கட்டும் முன் பின்பக்கத் தகட்டைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் தெரியட்டும். பார்த்து அன்றைக்கே பதில் போடுகிறேன்.